மைக்கரட்டு அன்னக்கொடியும் ஐம்பத்திரண்டு குழிகளும்

அன்னக்கொடி அக்காவைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எதுக்கு, நான் என்ன எலெக்‌ஷன்லயா நிக்கப்போறேன்?" என்பதுதான். நிற்கவில்லை. நின்றால் அலங்காநல்லூர் பக்கத்து நாலு கிராமமும் அவருக்கே ஓட்டுப்போடும் என்பது என் கணிப்பு. ஆனால் விஷயம் அதுவல்ல. நான் பதினான்கு வருஷமாகக் கல்லையும் மண்ணையும் ஆராய்கிற வேலையில் இருக்கிறேன். பட்டமும் அனுபவமும் உள்ள நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைக் கண்டுபிடித்தவர், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய இந்த அம்மாள். கண்டுபிடித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அலங்காநல்லூரைத் தாண்டி மேற்கே போனால் மைக்கரடு என்று ஒரு ஊர். ஊருக்குப் பின்னால் சிறிய பாறைக்குன்று, அதற்கடியில் கிராபைட். பென்சிலுக்குள் இருக்கிறதே, அதே கரிதான். தொட்டால் மை மாதிரி விரலில் ஒட்டும். ஊர்க்காரர்கள் கரிக்கல் என்பார்கள். ஒரு தனியார் முதலாளி முப்பது வருஷம் தோண்டி விற்றுவிட்டு, தொண்ணூற்றொன்பதில் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். ஊருக்கு அவர் விட்டுப்போனது தண்ணீர் நிற்கிற ஒரு பெரிய பள்ளமும், அதன் கரையில் தென்னைமர உயரத்துக்கு ஒரு கழிவு மேடும். மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து கறுப்புத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கும். காற்றடித்தால் காயப்போட்ட வேட்டி கறுத்துப்போகும். இருபத்தைந்து வருஷமாக ஊரே அதைத் திட்டிக்கொண்டிருந்தது.

பிறகு பேட்டரிக் காலம் வந்தது. கே.கே. நகரில் இப்போது தெருவுக்கு நாலு மின்சார ஸ்கூட்டர் நிற்கிறது. அவற்றின் பேட்டரிக்குள் கிராபைட் வேண்டும். வெளிநாட்டையே நம்பிக்கொண்டிருக்க முடியாது என்று நாட்டுக்கு முக்கியமான கனிமங்களின் பட்டியலில் அதையும் சேர்த்தார்கள். புதிதாகத் தோண்டுவதைவிட, ஏற்கெனவே தோண்டிக் கொட்டிவைத்த பழைய கழிவில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கலாமே என்ற யோசனையும் வந்தது. சென்னையில் உள்ள ஒரு நிறுவனம் மைக்கரட்டு மேட்டைச் சோதித்துச் சொல்லும் வேலையை எங்களிடம் கொடுத்தது. எங்களிடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். திருநகரில் என் வீட்டு மாடியில் நடக்கும் மூன்று பேர் அலுவலகம் அது.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். மேட்டிலிருந்து நூறு கிலோ அள்ளினால் அதில் எத்தனை கிலோ கிராபைட் இருக்கும்? ஆறு கிலோ இருந்தால் அடுத்த கட்டம் உண்டு. துளைபோடும் இயந்திரம் வந்து ஒரு வருஷம் நிற்கும், ஊர்ப் பெண்களுக்கு ஒரு வருஷம் வேலை நிச்சயம். ஆறுக்குக் குறைந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

வேலைக்கு ஆள் வேண்டும் என்று பஞ்சாயத்து அலுவலகத்தில் சொல்லிவைத்தேன். மறுநாள் ஒருவர் வந்தார். நாற்பத்தெட்டு வயது இருக்கும். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"குழி எத்தனை, எம்புட்டு ஆழம், குடிதண்ணி யாரு கொண்டாருவா, அதச் சொல்லுங்க மொதல்ல."

"ஐம்பத்திரண்டு குழி. ஆளுயரம். ஜேசிபி தோண்டிடும். நீங்க குழியோட சுவத்துல இருந்து மாதிரி எடுக்கணும்."

"எட்டுப் பேரு போதும். நான் கூட்டியாரேன். உங்களுக்கு வெயிலு தாங்குமா?"

தாங்கும் என்றேன். என் வெள்ளைத் தொப்பியை ஒரு பார்வை பார்த்தார்.

அவர்தான் அன்னக்கொடி. பதினேழு வயதில் அந்தச் சுரங்கத்தின் பொறுக்குக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தவர். பெண்கள் வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்து, வந்து விழுகிற கல்லில் கரிக்கல்லைப் பெட்டிக்குள் போட்டு, வெறுங்கல்லைப் பின்னால் எறிய வேண்டும். மேஸ்திரி பெட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார். ஒரே ஒரு வெறுங்கல் இருந்தாலும் அந்தப் பெட்டி கூலிக் கணக்கில் சேராது. ஐந்து வருஷம் அப்படி. சுரங்கம் மூடியதும் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரித்தார். அப்புறம் மிளகாய் வத்தல், அப்புறம் புளி. கணவர் காசிமாயன் செங்கல் லாரியில் லோடுமேன். மூத்த மகளை வாடிப்பட்டியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், இளையவள் பாண்டீஸ்வரி நர்சிங் படிக்கிறாள். அன்னக்கொடி ஒரு நாள்கூட வேலையில்லாமல் இருந்ததில்லை. ஆனால் அவர் பெயர் எழுதிய ஒரு தாளில் அவர் கையெழுத்துப் போடும்படியான வேலை, என்னிடம் வந்ததுதான் முதல்.

மாதிரி எடுப்பதில் ஒரு முறை உண்டு. குழிச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு சாண் அகலத்துக்குச் சுரண்டி எடுக்க வேண்டும். நாற்பது கிலோ வரும். அதைத் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, குவித்து, தட்டையாக்கி, தோசையைப் பிய்க்கிற மாதிரி நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கு இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட வேண்டும். ஐந்து கிலோ ஆகும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு பையில் கட்டி, அட்டையில் குழி எண்ணும் தேதியும் எழுதி, எடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாலு நாள் கூடவே நின்று சொல்லிக்கொடுத்தேன். அன்னக்கொடி அக்கா ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். மற்ற ஏழு பேரையும் அவரே பழக்கினார். அவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு கொட்டகையிலோ களத்திலோ தரம் பிரித்தவர்கள். வேலை பறந்தது. அட்டைகளில் "அ. அன்னக்கொடி" என்று கொஞ்சம் சாய்வாக, ஆனால் அழுத்தமாக விழுந்தது.

நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். ஒவ்வொரு குழிக்கும் பின்னால் ஒரு கூடை அளவுக்குக் கல் குவிந்திருந்ததை நானும் பார்த்தேன். எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறார்கள், குப்பையைக்கூட ஒதுக்கிக் குவித்திருக்கிறார்களே என்று மெச்சிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. சராசரி ஒன்பதே முக்கால். ஆறு வந்தால் போதும் என்றிருந்த இடத்தில் ஒன்பதே முக்கால். வீட்டு மாடியில் நான் தனியாகக் கைதட்டிக்கொண்டேன். கழிவு மேட்டில் இவ்வளவு இருக்குமா என்று ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நல்ல சேதி வந்தால் யார்தான் அதை விரட்டிக்கொண்டு போய்க் கேள்வி கேட்கிறார்கள்?

சென்னை நிறுவனத்தின் சார்பில் அசோக்குமார் என்ற அதிகாரி நேரில் வந்தார். இளைஞர், பேச்சு குறைவு. எப்படி மாதிரி எடுக்கிறீர்கள் என்று காட்டச் சொன்னார். அன்னக்கொடி அக்கா ஒரு குழியில் இறங்கி அமர்க்களமாகச் செய்துகாட்டினார். அசோக்குமார் அதைப் போனில் வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டுக் கிளம்பினார். திங்கட்கிழமை அறிக்கை அனுப்புங்கள், அடுத்த கட்டத்துக்கு அனுமதி வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊருக்குள் சேதி பரவியது. எட்டுப் பேரில் சின்னவள் சரண்யாதேவி, திருப்பூர் பனியன் கம்பெனிக்குத் திரும்பிப் போவதாக இருந்தவள், இனி இங்கேதான் என்று அங்கே இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் அன்னக்கொடி அக்கா நின்றார். அலங்காநல்லூரிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்து வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. போனை நீட்டினார்.

"இத நல்லாப் பாருங்க மேடம்."

அசோக்குமார் எடுத்த வீடியோ. அக்கா தார்ப்பாயில் மண்ணைக் கலந்துகொண்டிருந்தார்.

"பாத்தாச்சுக்கா. நல்லாத்தானே இருக்கு?"

"எம் மூஞ்சியப் பாக்காதீங்க. எடது கையப் பாருங்க."

பார்த்தேன். வலது கை மண்ணைக் கலக்கியது. இடது கை, தனக்கென்று ஒரு வேலை இருக்கிற மாதிரி, வெறுங்கல்லாகப் பொறுக்கிப் பின்னால் எறிந்துகொண்டே இருந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. அவர் அப்போது கேமராவைப் பார்த்து அசோக்குமாரிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கை என்ன செய்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

"சத்தியமா எனக்குத் தெரியாது மேடம். நேத்துப் பொழுதுசாயப் பாத்தேன். பாண்டீஸ்வரிகிட்டத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பாத்தேன். நான் மட்டுமில்ல, பின்னால நிக்கிறவளுகளும் எறியிறாளுக. குழிக்குக் குழி கல்லு கெடக்கே, அது அதுதான். நம்ம அனுப்புனது மேட்டோட மண்ணு இல்ல. பொறுக்குன சரக்கு."

முதலில் வந்தது கோபம். அவர் மீதா, என் மீதா என்று பிரித்துப் பார்க்கிற நிதானம் இல்லை. நாலு நாள் நின்று சொல்லிக்கொடுத்தேனே, எதையும் எடுக்காதே, எதையும் சேர்க்காதே என்று எத்தனை தடவை சொன்னேன் என்று கத்தினேன். அவர் தலையைக் குனியாமல் கேட்டுக்கொண்டார்.

கத்தி முடித்ததும் நான் சொன்னதை இங்கே மறைக்க விரும்பவில்லை. "சரி விடுங்க அக்கா. நாளைக்கு அறிக்கை போகணும். துளை போடுறப்ப உண்மையான நம்பர் தானா வந்துடும். அப்ப பார்த்துக்கலாம்" என்றேன்.

"அப்ப வந்து பாத்தா என்ன சொல்லுவாக?"

"எதாவது சொல்லிக்கலாம்."

"உங்களுக்கு எதாவது சொல்லிக்கலாம் மேடம். அம்பத்திரெண்டு அட்டையிலயும் எம் பேருல்ல இருக்கு. களவாணிச் சிறுக்கிக, நல்ல கல்லாப் பொறுக்கிப் போட்டு ஏமாத்திட்டாளுகன்னுதான சொல்லுவான்? தெரியாமச் செஞ்சோம்னு அப்ப யாரு நம்புவா? இன்னைக்குச் சொன்னா தப்பு. அன்னைக்குத் தெரிஞ்சா திருட்டு."

அவரே மேலே பேசினார். "பத்து நாளு கேளுங்க. திரும்ப எடுப்போம். ஆறுக்குக் கீழ எறங்குனா எறங்கட்டும்."

"இறங்கினா வேலை போயிடும்க்கா. எட்டுப் பேருக்கும்."

"தெரியுது" என்றார். நான் அசோக்குமாருக்குப் போன் செய்து பத்து நாள் கேட்டேன். காரணம், மறுபரிசோதனை என்றேன். அந்த அளவுக்குத்தான் எனக்குத் தைரியம் இருந்தது.

திங்கட்கிழமை மேட்டில் மற்ற ஏழு பேரையும் உட்காரவைத்து அக்கா விஷயத்தைச் சொன்னார். சரண்யாதேவி மட்டும் எழுந்தாள். அக்கா அவளுக்கு அண்ணன் மனைவி முறை.

"யாரும் கண்டுபிடிக்கல. யாரும் கேக்கல. நீங்களாப் போயி சொல்லியிருக்கீக. உங்க பேரு வெள்ளையா இருக்கணும்னு எட்டுப் பேரு வயித்துல அடிக்கிறீகளே மதினி, நல்லா இருக்கா? வீட்டக் காலி பண்ணிட்டு வந்துட்டேன். நான் இனி எங்கிட்டுப் போக?"

"எனக்கும் அதே வயிறுதான் சரண்யா" என்றார் அக்கா. "சொரண்டுற கம்பிய எடு. மொதக் குழிக்குப் போவோம்."

போனார்கள். ஆனால் கை கேட்கவில்லை. பொறுக்காதே, பொறுக்காதே என்று சொல்லிக்கொண்டே வேலை செய்தாலும், பேச்சு வாக்கில் ஒரு கல் பின்னால் பறந்துவிடும். கையுறை போட்டுப் பார்த்தோம். கையுறையோடும் பொறுக்கினார்கள். முப்பது வருஷமாகப் பழகிய கையை ஒரு வாரத்தில் மாற்ற முடியுமா? மூன்று குழியை எடுத்துவிட்டு மூன்றையும் கொட்டினோம். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அக்கா மட்டும் குழிமேட்டில் நின்று யோசித்துக்கொண்டிருந்தவர், சட்டென்று சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

"மேடம், இந்த வேலைக்கு எங்க வீட்டுக்காரருதான் சரி."

"அவருக்கு இதுல என்ன தெரியும்?"

"ஒரு எழவும் தெரியாது. இருபத்தெட்டு வருசமாக் கத்திரிக்கா வாங்கிட்டு வாராரு. ஒருநா ஒரு காயத் தொட்டுப் பாத்து வாங்குனதில்ல. கடைக்காரன் அள்ளிப் போட்டதக் கொண்டாந்து வைப்பாரு, பாதி சொத்தை. நானும் திட்டித் திட்டி ஓஞ்சு போனேன். அவரு மம்பட்டியில அள்ளுனா நல்லது கெட்டதுன்னு பாக்கவே மாட்டாரு."

மறுநாள் காசிமாயன் தன்னோடு லோடு ஏற்றும் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆறடி ஆள், மெதுவான பேச்சு. மண்வெட்டியைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது என்று மனைவி உத்தரவு. அவர் அள்ளிய அழகைப் பார்க்க வேண்டுமே. கல்லா, கரியா, தூசியா, எதையும் கண்டுகொள்ளவில்லை. கலந்தார், குவித்தார், நாலாகப் பிரித்தார். பெண்கள் பையைப் பிடிப்பது, எடை போடுவது, அட்டை எழுதுவது என்று மாறிக்கொண்டார்கள்.

"ஏங்க, அந்த மூலையில கொஞ்சம் தூசி நிக்குது, அதையும் வழிச்சுப் போடுங்க" என்று அக்கா சொல்வார்.

"எல்லாத்தையும்தான அள்ளச் சொன்ன? அப்பறம் என்ன மூலை கீலைன்னு" என்பார் காசிமாயன், அள்ளுவதை நிறுத்தாமலே.

மூன்றாம் நாள் அக்கா இன்னொன்று சொன்னார். "குழிக்குப் பின்னால எறிஞ்சு கெடக்குல்ல வெறுங்கல்லு, அம்பத்திரெண்டு குமியலு. அதையும் நிறுத்துப் பாப்போம். அதுலயும் கொஞ்சம் அள்ளி ஆய்வுக்கு அனுப்புங்க. எம்புட்டு எறிஞ்சோம், எறிஞ்சதுல என்ன இருந்துச்சுன்னு தெரிய வேணாமா? செஞ்ச தப்ப முழுசாத் தெரிஞ்சுக்கிருவோம்." ஒரு கூடைத் தப்பைத் தராசில் ஏற்றிப் பார்க்கிற துணிச்சல் எனக்குத் தோன்றியிருக்காது. நிறுத்துப் பார்த்தோம். நூறு கிலோவுக்கு நாற்பத்தைந்து கிலோவை எறிந்திருந்தார்கள். அந்தக் கல்லிலும் கொஞ்சம் அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.

புதிய முடிவு வந்தது. ஐந்தே முக்காலுக்குச் சற்றுக் கீழே. ஐந்து புள்ளி ஏழு. ஆறு இல்லை.

அசோக்குமார் மறுபடி வந்தார். பஞ்சாயத்து அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நானும் அக்காவும். மற்ற ஏழு பேரும் வாசலில். இரண்டு முடிவுத் தாளையும் அசோக்குமார் அருகருகே வைத்தார்.

"முதல்ல ஒன்பதே முக்கால். இப்ப அஞ்சு புள்ளி ஏழு. எதை நம்புறது?"

நான், மாதிரி எடுப்பதில் ஏற்படும் இயல்பான வேறுபாடுகள் என்று ஏதோ தொடங்கினேன். அன்னக்கொடி அக்கா என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

"சார், மொத நம்பரு எங்க கை குடுத்த நம்பரு. ரெண்டாவது மேடு குடுத்த நம்பரு. நாங்க கரிக்கல்லு பொறுக்குன ஆளுக. எங்களுக்கே தெரியாம வெறுங்கல்லப் பொறுக்கி எறிஞ்சிட்டோம். நீங்க எடுத்த வீடியோவுலயே இருக்கு, பாத்துக்கங்க. தப்புதான். அஞ்சு புள்ளி ஏழுதான் நெசம்."

அசோக்குமார் முகம் இறுகியது. "அப்படின்னா ஆறுக்குக் கீழ. இதோட முடிஞ்சது."

"முடிக்கிறதுக்கு முன்ன மூணாவது தாளையும் பாத்துருங்க சார்." அக்கா என் பையிலிருந்து அவரே அதை எடுத்து வைத்தார். "நாங்க எறிஞ்ச கல்லு. நூத்துக்கு நாப்பத்தஞ்சு. அதுல கரி ஒரு கிலோகூட இல்ல. முக்காக் கிலோவுக்கும் கம்மி. எட்டுப் பொம்பளைக, வேற பக்கம் பேசிக்கிட்டு, பாக்காமலே, கையாலயே பாதி மேட்டத் தூரப் போட்டுட்டோம். மிச்சமிருக்கதுல ஒம்பதே முக்கா நிக்கிது. எங்களால பாக்காமச் செய்ய முடியும்னா, ஒங்க மிஷினால பாத்துச் செய்ய முடியாதா?"

அசோக்குமார் மூன்றாவது தாளை எடுத்துப் பார்த்தார். போனில் கணக்குப் போட்டார். திரும்பவும் போட்டார். மூன்று தாளும் ஒன்றோடொன்று அப்படியே பொருந்தின. ஆறு என்பது மேடு முழுவதையும் அரைத்துக் கிராபைட்டைப் பிரிக்கும் செலவை வைத்துப் போட்ட கணக்கு. அரைக்கும் முன்பே பாதிக் கல்லை ஒதுக்கிவிட முடியும் என்றால் ஆறு என்கிற வரம்புக்கே அர்த்தம் மாறிவிடும் என்று அவருக்குப் புரிந்தது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பெருமையாக இருந்தது, கூடவே வெட்கமாகவும் இருந்தது.

ஆனாலும் அவர் சும்மா தலையாட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை. "ஒரு தடவை நம்பர் மாறிடுச்சு. எங்க ஆளுங்க இனி சும்மா நம்ப மாட்டாங்க. மூணு துளை மட்டும் போடுவோம். எங்க ஆளே வந்து எடுப்பாரு. துளையில வர்றது இந்த அஞ்சு புள்ளி ஏழோட ஒத்துப்போனா ஒரு வருஷ வேலை உண்டு. ஒத்துப்போகலைன்னா இயந்திரத்தை ஏத்திட்டுப் போயிடுவோம்."

"போடுங்க சார்" என்றார் அக்கா. கடைக்காரரிடம் அரிசி எடுத்து வையுங்கள் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

மூன்று துளை போட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வர இரண்டு மாதம் ஆனது. அதுவரை இயந்திரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது, பெட்டி அடுக்குவது என்று எட்டுப் பேருக்கும் சில்லறை வேலை இருந்தது. சரண்யாதேவி அக்காவோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். மத்தியானம் எட்டுப் பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால், அவள் அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள். திருப்பூரில் பழைய கம்பெனிக்குப் போன் போட்டு இடம் இருக்கிறதா என்று விசாரித்ததாகவும் கேள்விப்பட்டேன். அக்காவோ எதுவும் நடக்காதவர் போலவே இருந்தார். இயந்திர ஓட்டுநரை அதட்டினார், பெட்டி எண்ணைத் திருத்தினார், என் தொப்பியைக் கேலி செய்தார். இந்த மனுஷிக்குப் பயமே கிடையாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், அசோக்குமார் போன் செய்தார். நான் எழுந்து தள்ளிப்போய்ப் பேசிவிட்டு வந்தேன். எட்டுப் பேரும் சோற்றில் கை வைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணு துளைக்கும் சேர்த்து அஞ்சு புள்ளி ஆறு" என்றேன். "ஒத்துப்போகுதாம். வர்ற மாசத்துல இருந்து ஒரு வருஷம் வேலை. பிரிக்கிற சோதனையும் இங்கேயே நடக்கும். எட்டுப் பேரும் வேணும்னாரு."

சரண்யாதேவிதான் முதலில் கேட்டாள். "அப்ப அந்த ஒம்பதே முக்காலையே அனுப்பியிருந்தா மேடம்?"

"மொத துளை முடிவு வந்த அன்னைக்கே இயந்திரத்தை ஏத்திட்டுப் போயிருப்பாங்க. அப்புறம் இந்த ஊர் மேட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க."

அவள் தரையைப் பார்த்தாள். அன்னக்கொடி அக்கா எங்களுக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருந்தார். அவருடைய டப்பாவை எட்டிப் பார்த்தேன். ஒரு கைப்பிடி சோறு, அதுவும் பிசையாமல் காய்ந்துகிடந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், துடைப்பதை மறைக்கவில்லை.

"ரெண்டு மாசமா ஒரு வா சோறு எறங்கல மேடம்" என்றார். "துளையில வேற நம்பரு வந்துருச்சுன்னா இவளுக மூஞ்சியில எப்புடி முழிப்பேன்னு நெனச்சு நெனச்சே செத்தேன்."

சரண்யாதேவி எழுந்தாள். தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அக்காவுக்கு எதிரே போய் உட்கார்ந்து, அவருடைய டப்பாவில் இருந்த காய்ந்த சோற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் குழம்புச் சோற்றை நிறைய அள்ளி வைத்தாள்.

"சாப்புடுங்க மதினி" என்றாள்.

அக்கா சாப்பிட்டார். பாதியில் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் வை என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.